சின்ன அடிதான் என்றார்கள்

2025 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை. காலை ஆறரைக்கெல்லாம் தம்பி போன் செய்துவிட்டான். அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை அவன். யாருக்கு என்னவோ என்று பதறிக்கொண்டு எடுத்தேன்.

“அக்கா, செய்தி பாத்தியா? முடிஞ்சிச்சிக்கா. இந்த சீசன் அவ்ளோதான்.”

அமெரிக்காவின் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணி நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸுக்கு வலது பக்கம் சயாட்டிகா, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பில் வலி. சீசனுக்கு முந்தின பயிற்சி ஆட்டங்களான பிரீசீசன் நடந்துகொண்டிருக்கிறது. 22 சீசன்களில் ஒருமுறைகூட முதல் ஆட்டத்தைத் தவறவிடாத மனிதர், 23ஆவது சீசனைப் பெஞ்சில் உட்கார்ந்து தொடங்கப்போகிறார். வயது 40. தம்பி பள்ளிக்கூட நாளிலிருந்து லேக்கர்ஸ் பக்தன். அவன் குரலைக் கேட்டால் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது போலவே இருந்தது. “மூனு நாலு வாரத்துல வந்துருவாருன்னு போட்டிருக்கான், ஆனா இந்த வயசுல நரம்பு வலி போவுமாக்கா?” என்றான்.

எதிரே பசியாறிக்கொண்டிருந்த என் மகன் கையை நீட்டிப் போனை வாங்கினான். “மாமா, மூனு நாலு வாரத்துல வருவாருன்னு எங்க போட்டிருக்கு? மறுபடியும் பரிசோதனை பண்ணுவோம்னுதான் போட்டிருக்கான். நல்லா படிங்க. நவம்பர் பாதிக்கு முன்னாடி எதிர்பார்க்காதீங்க.”

லெப்ரான் ஆட வந்தது நவம்பர் 18. அறிவிப்பு வந்து 40 நாள் கழித்து. யூட்டா அணிக்கு எதிராக 11 புள்ளி எடுத்தார், 12 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்கக் கொடுக்கும் பந்து) கொடுத்தார், லேக்கர்ஸ் ஜெயித்தது. அவர் இல்லாமலே அதற்குள் 14 ஆட்டத்தில் 10 ஜெயித்திருந்தார்கள். தம்பி அந்த நாற்பது நாளும் அழுத அழுகைக்கு அவசியமே இருக்கவில்லை.

இருபது வயதுப் பையனுக்கு அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2019இல் அவன் கணுக்காலைக் கொடுத்து வாங்கிய நிதானம் அது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடைப்பந்து பார்க்கிறவர்களுக்கும், பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புகிற அம்மா அப்பாக்களுக்கும் உதவும்.

நாங்கள் கோலாலம்பூரில் செந்தூல் பக்கம். நம் பிள்ளைகளுக்குப் பந்து என்றால் பெரும்பாலும் கால்பந்துதான். தமிழ்ப்பள்ளியில் நான் வலைப்பந்து ஆடினேன், இடைநிலைப் பள்ளியில் சீனத் தோழிகள் கூடைப்பந்துக்கு இழுத்துப்போனார்கள், அந்தப் பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை. மகனைச் சின்ன வயதிலேயே மாபா ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போய் மலேசியா டிராகன்ஸ் ஆட்டங்களைக் காட்டினேன். 2016இல் அவர்கள் ஏபிஎல் (ஆசியான் கூடைப்பந்து லீக்) பட்டம் வென்றபோது அவனுக்குப் பத்து வயது முடிந்திருந்தது.

எங்கள் வீட்டில் தீபாவளிப் பலகாரமும் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏயின் பிரீசீசனும் ஒன்றாகத்தான் வரும். அம்மா முறுக்கு அச்சைத் தேடி எடுக்கிற வாரம், அங்கே அணிகள் கணக்கில் சேராத ஆட்டங்களை ஆடிக்கொண்டிருப்பார்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழரை என்றால் அக்டோபரில் நமக்குக் காலை ஏழரை. சனி, ஞாயிறு என்றால் மாவு பிசைந்துகொண்டே பார்க்கலாம்.

2019 அக்டோபரில் வீடு முழுக்க ஒரே பேர்தான், சயன் வில்லியம்சன். அந்த வருட டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நாளில், முதல் ஆளாக நியூ ஆர்லியன்ஸ் அணி எடுத்த பையன், வயது 19. பிரீசீசனில் நான்கு ஆட்டம் ஆடி, சராசரியாக 23 புள்ளிக்கு மேல் எடுத்திருந்தான். மகன் அவன் குதிப்பதைப் பார்த்துவிட்டுச் சோபாவிலிருந்து குதிப்பான். கடைசிப் பிரீசீசன் ஆட்டத்துக்கு முன்னால் “வலது முழங்காலில் வலி, ஆட மாட்டார்” என்று செய்தி வந்தது. சின்ன விஷயம்தான், முன்னெச்சரிக்கைக்கு உட்கார வைக்கிறார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன். சில நாளில் மறு செய்தி வந்தது. முழங்காலுக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற மெத்தை போன்ற குருத்தெலும்பு கிழிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை முடிந்தது, ஆறிலிருந்து எட்டு வாரம். தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. மகன் அன்றைக்கு முறுக்குப் பிழிய வரவில்லை.

அந்த ஆறு-எட்டு வாரம் எவ்வளவாக நீண்டது தெரியுமா? அக்டோபர் 21இல் அறுவை சிகிச்சை, முதல் ஆட்டம் 2020 ஜனவரி 22. எண்ணிப் பார்த்தால் 93 நாள், பதின்மூன்று வாரத்துக்கு மேல்.

இதில் நான் படித்த முதல் பாடம் சொற்களைப் பற்றியது. ‘வலி’ என்பது நோயின் பெயர் ஆகாது. எங்கே வலி என்று மட்டும் சொல்லி, என்ன பழுது என்று சொல்லாத அறிவிப்பு வந்தால், ஸ்கேன் எடுத்து முடிக்கும்வரை நல்லதும் கெட்டதும் பேசக்கூடாது. ‘இத்தனை வாரத்தில் மறுபரிசோதனை’ என்றால் அன்றைக்கு டாக்டர் பார்ப்பார், அவ்வளவுதான். அதற்கப்புறம் தனியாக ஓடி, அணியோடு பயிற்சி செய்து, மூச்சு பழகி, பிறகுதான் ஆட்டம். அதற்கு இன்னும் ஒன்று இரண்டு வாரமாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பழுது எது என்று பெயர் சொல்லி, ‘நாளுக்கு நாள் பார்ப்போம்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. ஆனால் அந்த ‘நாளுக்கு நாள்’ இரண்டு வாரம் ஓடிவிட்டால் பழைய செய்தியை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

சரி, இனி என் வீட்டுக் கதை.

தீபாவளி முடிந்து இரண்டாவது சனிக்கிழமை. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு சிமென்ட் மைதானம் உண்டு. வளையத்தில் வலை கிடையாது. மகன் ரீபவுண்டுக்கு, அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க எம்பி, இறங்கும்போது இன்னொரு பையனின் காலணி மேல் இறங்கிவிட்டான். பாதம் உள்பக்கமாக மடங்கியது. கூடைப்பந்தில் கணுக்கால் போவது பெரும்பாலும் இப்படித்தான், தரையில் தவறி விழுந்து போவது குறைவு. பையன்கள் இருவர் தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். “ஒன்னும் இல்லமா, சுளுக்குதான் லா” என்று சிரித்தான்.

காலுறையைக் கழற்றினேன். அதன் பட்டி பதிந்த வரிக்குக் கீழே, வெளிப்பக்க எலும்பு இருக்கும் இடமே தெரியவில்லை. எலுமிச்சம்பழம் ஒன்றைத் தோலுக்கடியில் வைத்தது போல வீக்கம். தொட்டால் சூடு.

அம்மா புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் பத்துப் போட்டார். என் அம்மா கையால் போட்ட பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஒவ்வொரு தடவையும் அதுதான் ஆறுதல். ஆனால் மறுநாள் காலை நான் அவனைச் சின்சேயிடம் கூட்டிப்போனேன். சீன வைத்தியரை இங்கே நாம் அப்படித்தான் சொல்வோம். அவர் தைலம் போட்டு அழுத்தி உருவினார். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணீர் விட்டான். சாயங்காலம் வீக்கம் பாதத்து விரல்வரை இறங்கி, தோல் கருநீலமாகிவிட்டது. எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார் கிழிந்த இடத்தில் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் முதல் இரண்டு மூன்று நாளில் சூடும் உருவுதலும் கசிவை அதிகமாக்கும். இது எனக்கு அப்போது தெரியாது. ஐஸை ஒரு துணியில் சுற்றிக் கால்மணி நேரம் வைப்பது, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி வைப்பது, மீள்கட்டு கொஞ்சம் இறுக்கிச் சுற்றுவது, நெஞ்சு உயரத்துக்கு மேலே காலைத் தூக்கித் தலையணையில் வைப்பது. முதல் இரண்டு நாளுக்கு இவ்வளவு போதும்.

எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ள டாக்டர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் வகுத்தது. அடிபட்ட உடனேயும், டாக்டரிடம் வந்த பிறகும், அந்தக் காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே. கணுக்காலின் இருபக்க எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ விரலால் அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தால் எக்ஸ்ரே. பாதத்தின் வெளிப்பக்கம் நடுவில், சுண்டுவிரல் எலும்பு தொடங்குகிற மேட்டில் வலித்தாலும், உள்பக்கம் பாதத்தின் வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பில் வலித்தாலும் எக்ஸ்ரே. நொண்டிக்கொண்டு நடந்தாலும் அது நடந்த கணக்குத்தான். இது எல்லா அம்மாக்களும் மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

மகன் அன்றைக்கு நடந்தான், எலும்பில் வலி இல்லை. உண்மையில் அது சின்ன அடிதான். இரண்டு வாரம், மூன்று வாரம் பொறுத்திருந்தால் அத்தோடு போயிருக்கும்.

பதினைந்தாவது நாள் பக்கத்துத் தாமானில் மூவர் போட்டி. அவன் அணியில் மாற்று ஆள் ஒருவன்தான். பத்தாம் நாளே வலி நின்றுவிட்டது, மாடிப்படி ஏறி இறங்கினான், “பாருங்கம்மா” என்று என் முன்னால் குதித்துக் காட்டினான். தம்பியும் சொன்னான், “டேப் போட்டு ஆடட்டும்க்கா, பெரிய பெரிய ஆட்டக்காரன்லாம் அப்படித்தான் ஆடுறான்.” என் மனசு முழுக்க அந்தக் கோப்பை இருந்தது, மகன் ஆடுவதைப் பார்க்கும் ஆசை இருந்தது. நான் சரி என்றேன். அந்தச் ‘சரி’யை இன்றைக்கும் நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இரண்டாவது ஆட்டத்தில் யாரும் அவனைத் தொடவில்லை. பந்தோடு இடதுபக்கம் திரும்பினான், கால் தானாக மடங்கியது. இந்த முறை அவன் சிரிக்கவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தான், ஓர் அடிகூட வைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். நார் பாதி கிழிந்திருந்தது, இரண்டாம் நிலை. அங்கிருந்த பிசியோ பெண் பொறுமையாகக் கணுக்கால் பொம்மை ஒன்றை எடுத்து விளக்கினார். கணுக்காலின் வெளிப்பக்கம் முன்னே இருக்கும் நார்தான் முதலில் போகும். அந்த நாருக்குள் பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் உண்டு. சுளுக்கில் அவையும் மந்தமாகிவிடும். வலி பத்து நாளில் போகலாம், அந்த உணர்வு திரும்ப வாரக்கணக்காகும். அதுவரை கால் எங்கே இறங்குகிறது என்று காலுக்கே சரியாகத் தெரியாது. அதனால்தான் ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்குவது அவ்வளவு சாதாரணம். யாரும் தொடாமலே என் பிள்ளை விழுந்ததன் காரணம் அந்த மேசையில் எனக்குப் புரிந்தது.

அடுத்த இரண்டு மாதம் வீட்டில் நடந்தது இதுதான். முதலில் பாதத்தால் காற்றில் எழுத்து எழுதுவது. அவன் அ முதல் ஃ வரை எழுதுவான், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ‘ஐ’ சரியாக வரவில்லை என்பார். அப்புறம் சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது. பிறகு ஒற்றைக்காலில் நிற்பது, முதலில் கண்ணைத் திறந்து, பிறகு மூடி. கண்ணை மூடியதும் நல்ல கால் அரை நிமிடம் நிற்கும்போது, அடிபட்ட கால் நான்கு நொடியில் ஆடிவிழும். அந்த வித்தியாசத்தை நேரில் பார்த்தபோதுதான், டேப் சுற்றி அனுப்பியது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்தது. பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார் பிசியோ. நாளைக்கு இரண்டு தடவை, மறக்க வழியே இல்லை.

மைதானத்துக்குத் திரும்புவதற்கு அவர் நாள் குறித்துத் தரவில்லை, செய்ய வேண்டியதைக் குறித்துத் தந்தார். இரண்டு காலும் ஒரே நேரம் கண்ணை மூடி நிற்க வேண்டும். ஒற்றைக்காலில் மூன்று தாவல் தாவினால் இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே தூரம் போக வேண்டும். எட்டு வடிவத்தில் வேகமாக ஓடித் திரும்பும்போது அந்தக் காலைப் பற்றி நினைக்காமல் ஓட வேண்டும். எம்பி இறங்கும்போது பயப்படக் கூடாது. இவை முடிந்து, கயிறு கட்டுகிற கணுக்கால் பட்டை போட்டுக்கொண்டு ஆடலாம். அந்தப் பட்டையை ஒரு வருடம் கழற்ற வேண்டாம் என்றார்.

2020 ஜனவரி 23, வியாழக்கிழமை. சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள். சயன் முதன்முதலாக ஆடியது நமக்கு அன்று காலையில். நான் வேலையில், மகன் பள்ளியில். சாயங்காலம் இருவரும் பதிவை உட்கார்ந்து பார்த்தோம். முக்கால் ஆட்டம்வரை பெரிதாக ஒன்றும் இல்லை. நான்காவது பகுதியில் தொடர்ச்சியாக 17 புள்ளி. மொத்தம் 18 நிமிடம்தான் ஆடினான், 22 புள்ளி. சூடு பிடித்திருக்கும்போதே, அரங்கம் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கும்போதே, அவனுக்கு அன்று ஆட அனுமதித்த நேரக் கணக்கு முடிந்தது என்று வெளியே அழைத்துவிட்டார்கள். ஆட்டம் கைநழுவிப் போனது. தம்பி போனில் கொதித்தான், இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் என்ன என்று. மகன் ஒன்றும் பேசவில்லை. பட்டை போட்ட தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் மூன்று தாவல் சமமாக வரவில்லை.

விசிறிகளாகிய நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். நட்சத்திரம் விழுந்த பத்து நொடிக் காட்சியை நூறு தடவை பார்க்கிறோம். அதற்குப் பிறகு வரும் அரை நிமிடத்தைப் பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. தானாக எழுந்தாரா, அந்தக் காலில் எடை போட்டாரா, காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாரா, நேராக உள்ளே போனாரா? கணுக்கால் என்றால் முகம் கோணினாலும் நடந்தால் பெரும்பாலும் நல்ல சேதி. கெண்டைக்கால் என்றால் சிரித்துக்கொண்டு நடந்தாலும் நான் பயப்படுவேன். 2019 மே 8இல் என்பிஏ நட்சத்திரம் கெவின் டுராண்டுக்குக் கெண்டைக்கால் தசை இழுபட்டது. ஜூன் 10இல் இறுதிப் போட்டியின் ஐந்தாவது ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார், அன்றே குதிகால் தசைநார் அறுந்தது. 2025 ஜூன் இறுதிப் போட்டியில் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கும் கெண்டைக்காலில் தொடங்கி, ஏழாவது ஆட்டத்தில் குதிகால் தசைநார் அறுந்து முடிந்தது. அவையெல்லாம் பட்டத்துக்கான ஆட்டங்கள், ஆடியே தீர வேண்டும் என்று நினைத்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் பிரீசீசனில் ஒருவரை உட்கார வைத்தால் நாம் சந்தோஷப்படத்தான் வேண்டும். எண்ணிக்கையில் சேராத ஆட்டம். பின்னால் 82 ஆட்டம் வரிசையாக நிற்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது என் மனசுக்கு நெருக்கமானது. அடிபட்டவரைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடாதீர்கள். 2012இல் கோல்டன் ஸ்டேட் அணியின் ஸ்டெஃபன் கரியின் கணுக்கால் கண்ணாடி என்றார்கள். முந்தின சீசனில் 26 ஆட்டம்தான் ஆடியிருந்தார், ஏப்ரலில் அறுவை சிகிச்சை, அக்டோபர் பிரீசீசனில் அதே வலது கணுக்கால் மறுபடி சுளுக்கியது. இனி எழ மாட்டார் என்று பேசினார்கள். அந்த மாதக் கடைசியில் கோல்டன் ஸ்டேட் நான்கு வருடத்துக்கு 44 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது. அவர் திறமைக்கு அது குறைந்த தொகை, கணுக்கால் மேல் இருந்த சந்தேகம்தான் காரணம். அந்த சீசனில் 78 ஆட்டம் ஆடி, 272 மூன்று புள்ளிப் பந்து போட்டு, அதுவரை இல்லாத சாதனை வைத்தார். மகன் மனம் விட்டுப்போயிருந்த டிசம்பரில் நான் அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இதுதான்.

மகன் பிப்ரவரியில் மைதானத்துக்குப் போனான். மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தோம். வருத்தம்தான், ஆனால் அந்தக் கணுக்காலுக்கு இன்னும் சில மாதம் கிடைத்தது. அதற்குப் பிறகு அது மடங்கவில்லை.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அதே சிமென்ட் மைதானம். நான் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஆட்டம் நின்றிருந்தது. பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பையன், பக்கத்து பிளாக், வளையத்துக்குக் கீழே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “ஒன்னும் இல்லண்ணே, ஆடலாம்” என்றான்.

“சரி, எழுந்திரு. நாலு அடி நட, பாப்போம்” என்றான் என் மகன்.

பையன் நடந்தான். மூன்றாவது அடியில் உதட்டைக் கடித்தான், நாலாவது அடியையும் வைத்துவிட்டான். மகன் முட்டி போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை மெல்ல அழுத்திக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு சுண்டுவிரல் மேடு. பிறகு உள்பக்கம். அவனைத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்து, தன் பையைக் காலுக்கடியில் கொடுத்தான்.

“அம்மா, மாமாக் சாப்பாட்டுக் கடையில ஐஸ் வாங்கிட்டு வாங்களேன். தே ஓ கட்டிக் கொடுப்பாங்களே, அந்தப் பையில வெறும் ஐஸ் மட்டும்.”

கறிவேப்பிலையை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு நான் சாலையைக் கடந்தேன்.